மூன்று வருடம், இரண்டு பேரிங்

போன வாரம் நாங்கள் குடியிருக்கும் ட்ரெய்லரின் வலது சக்கரத்துக்குப் பேரிங் மாற்றினோம். அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து பழைய சிநேகிதி கூப்பிட்டு, "ரிட்டையர் ஆனதும் நாங்களும் உன்னை மாதிரி ஒரு ட்ரெய்லரைக் கடலோரமா போட்டு இருந்துக்கலாம்னு பார்க்கிறோம், எப்படிடி இருக்கு?" என்றாள். கை முழுக்க கிரீஸ். வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. கை கழுவிவிட்டு எழுதுகிறேன்.

ரோடு போடுகிற இடத்தில் ஆபீசாக நின்ற வண்டி. 18 அடி நீளம், 8 அடி அகலம். உள்ளே கட்டில், சமையல் மேடை எல்லாம் எல்லாரும் செய்கிற மாதிரிதான், விடுங்கள். பெரியபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், பனைகளுக்கு ஊடே நிற்கிறது. ரெண்டு பேருக்கு இடம் போதுமா என்றால், போதும். கோபம் வந்தால் வெளியே போய் உட்காரக் கடற்கரை கிடக்கிறது. வெயிலுக்குக் கூரைமேல் ஓரடி இடைவெளி விட்டுப் பனையோலை வேய்ந்தாயிற்று.

தொல்லை உப்புதான். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். விடியற்காலையில் கதவைத் தொட்டால் பிசுபிசுக்கும். ராத்திரிக் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்வதால் மழையே இல்லாமல் தகடு நனைந்து கிடக்கும். கழுவிவிட வேண்டியதுதானே என்பீர்கள். எதில்? எங்கள் கிணறு உவர். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நல்ல தண்ணீர் தள்ளுவண்டியில் குடக்கணக்கில் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய குடிதண்ணீரை வாரம் ரெண்டு குடம் இரும்புக்கு ஊற்றுகிறேன். தண்ணீர் கொண்டுவரும் அக்கா அதைப் பார்க்கிற நேரத்தில் மட்டும் ஊற்றுவதில்லை.

முதல் வருடம் இவர் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். துருவே பிடிக்காது என்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குரூவாக வாங்கி, வெளிப்பக்க அலுமினியத் தகட்டில் வரிசையாக முடுக்கினார். ஸ்குரூ இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. சுற்றியிருந்த அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, ஓட்டை பெரிதாகி, ஸ்குரூ கையோடு வந்துவிட்டது. படகு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். "ரெண்டு உலோகம் தொட்டுக்கிட்டு நிக்க, நடுவுல உப்புத்தண்ணி இருந்தா ஒண்ணை ஒண்ணு தின்னும்மா. படகுக்கு அடியில துத்தநாகக் கட்டி எதுக்கு வைக்கிறோம்? இரும்பை விட்டுட்டு அதைத் தின்னட்டும்னுதான்." அலுமினிய ரிவெட் அடித்துக் கொடுத்தார். அது நிற்கிறது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த வீட்டைத் திருப்பலாம். வைகாசி வந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று, மணலை அள்ளிக்கொண்டு வந்து சோற்றில் போடும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை, மழையோடு. கல்வீடு கட்டினவர்கள் ஏதாவது ஒன்றுக்கு வாசலைக் காட்டித்தான் ஆக வேண்டும். நாங்கள் டிராக்டருக்குச் சொல்லிவிடுவோம். சக்கரத்துக்கு அடியில் பனஞ்சட்டம் போட்டு இழுத்தால் அரை மணி வேலை. கச்சானுக்கு முதுகைக் காட்டி நிறுத்திய அன்று இரவு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தோசை சுடலாம், அடுப்பு அணையாது. வருடத்தில் ரெண்டு நாள் நான் இவரைத் திட்டுவதில்லை. ரெண்டும் வீடு திருப்பிய நாள்கள்தான்.

இந்த வைகாசியில் டிராக்டர் இழுத்தது. போன வருடம் பேரிங் மாற்றிய இடது சக்கரம் சுற்றியது. வலது சக்கரம் சுற்றாமல் மணலை உழுதுகொண்டே வந்தது. கழற்றிப் பார்த்தால், மாதக்கணக்காக ஒரே நிலையில் நின்றதில் ரப்பர் சீல் வழியே ஈரம் இறங்கி, பேரிங்கின் உருளைகள் அழுந்தி நின்ற இடமெல்லாம் குழி குழியாகத் துரு. வண்டியை விற்ற பட்டறைக்காரர் "எல்லாம் புதுசும்மா" என்று சத்தியம் செய்திருந்தார். மூன்று வருடம் உப்பில் நின்ற பேரிங்குக்கு அவரைத் திட்டுவது நியாயமா என்று இவர் கேட்கிறார். நியாயமில்லைதான். திட்டினேன்.

ஆகவே சிநேகிதிக்கு என் பதில்: வாங்காதே. கேட்கமாட்டேன் என்றால், உள்ளே போய்க் கட்டிலையும் ஜன்னலையும் ரசித்துக்கொண்டிருக்காதே. கீழே படுத்து வண்டியின் அடியைப் பார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்று. கரகரவென்றால் கிளம்பி வந்துவிடு. வாங்கிய பிறகும் மாதம் ஒரு தடவை தூக்கிச் சுற்றி விடு. நாங்களே இனிமேல்தான் அதைச் செய்யப் போகிறோம்.

ஐப்பசிக்கு டிராக்டர் இப்போதே பேசியாயிற்று. இந்தத் தடவை நாலடி மேற்கே தள்ளி, வாசலில் முருங்கை நிழல் விழுகிற மாதிரி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.