அஞ்சு வருஷம் அடுத்தவங்க போட்டோவை இந்த மானிட்டர்ல தான் பாத்தேன் – பேக்லைட் மாத்துன பெறகு எழுதுறேன்

பண்ணைக்காட்டுல இருந்து ஒரு தம்பி நேத்து போன் போட்டு, அண்ணே நீங்க கடையில வச்சிருக்கீங்களே அதே 24 இன்ச் மானிட்டர், இப்ப ரெண்டாயிரம் ரூபா கொறஞ்சிருக்கு, போட்டோ பாக்க வாங்கலாமான்னு கேட்டாப்ல. ஐபிஎஸ் பேனல், ஃபுல் எச்டி, அந்த விவரமெல்லாம் டப்பா மேலயே இருக்கு, அதை நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா போன மாசம் இதை ரிப்பேருக்குக் கொண்டு போயிட்டு வந்ததுல இருந்து எனக்கு மனசு சரியில்ல, அதனால கேட்டவருக்கு மட்டும் சொல்லாம எல்லாருக்குமா எழுதிடுறேன்.

கொடைக்கானல்ல டிடிபி கடை வச்சிருக்கேன். சாயங்காலம் கூட்டம் கொறஞ்ச பெறகு இந்தப் பக்கத்துல போட்டோ எடுக்குற பசங்க, பிள்ளைங்க, ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், மன்னவனூர்ல விவசாயம் பாக்குற ஒருத்தர், இப்படி ஒரு இருபது பேர் அவங்க படத்தை எனக்கு அனுப்புவாங்க, இல்லன்னா நேர்ல வந்து காட்டுவாங்க. நான் பாத்து எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன். அஞ்சு வருஷமா இது தான் எனக்குப் பிடிச்ச வேலை. போன மாசம் மழையில கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு, ஒரு தடவை வந்தப்ப திரை இருட்டாவே நின்னுருச்சு. கம்பளியில சுத்தி பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வத்தலகுண்டு வழியா மதுரைக்குப் போனேன். திரைக்குப் பின்னாடி இருந்து வெளிச்சம் குடுக்குற பேக்லைட் ஸ்ட்ரிப், அதுக்கு முன்னாடி இருக்குற ஷீட் எல்லாம் மாத்தி ரெண்டாயிரத்து நானூறு வாங்குனாங்க. மாத்துனவர் பழைய ஷீட்டை எடுத்துக் காட்டி, இது எப்பவோ பழுத்துருச்சு சார், இதுலயா போட்டோ பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு கேட்டார். பஸ்ல திரும்ப மலை ஏறுற வரைக்கும் அந்தக் கேள்வி தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கடைக்கு வந்து போட்டு முதல்ல தொறந்தது பூம்பாறைப் பிள்ளையோட படம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அனுப்புனது. விடியக்காலை, கீழ படிப்படியா பூண்டு வயல், நடுவுல வீடுங்க, மேல மூட்டம், மூட்டத்தோட ஒரு ஓரத்துல மட்டும் வெயில் இப்பத் தான் பட ஆரம்பிக்குது. அன்னைக்கு நான் அந்தப் பிள்ளைகிட்ட சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: படம் மங்கலா இருக்கு பாப்பா, மஞ்சள் ஜாஸ்தி, வெளிச்சத்தை ஏத்தி மஞ்சளைக் கொற. அதுக்கு அவ, காலையில அப்படித் தான் மாமா இருந்துச்சு, நான் அந்த மஞ்சள் வெயிலுக்காகத் தான் காத்துக்கிட்டு நின்னேன்னு சொன்னா. நான் கேக்கல. கண்ணு ஏமாத்தும் பாப்பா, திரையில பாருன்னு சொன்னேன். அவளும் நான் சொன்ன மாதிரியே மாத்தி அனுப்புனா, இப்ப நல்லாருக்குன்னு பாராட்டவும் செஞ்சேன். இப்ப புது பேக்லைட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறேன். அவ முதல்ல எடுத்தது அவ்வளவு அழகா இருக்கு. மாத்துனதுல மூட்டம் வெறும் வெள்ளைத் தாளா போயிருச்சு, பூண்டு வயல் பச்சை நீலம் பாஞ்சு கெடக்கு, வெயிலே இல்ல. அதைக் கெடுத்தது நான் தான்.

இது ஒரே நாள்ல நடக்குறதில்ல. பேக்லைட்டு பழசாக ஆக கொஞ்சங் கொஞ்சமா வெளிச்சம் கொறையும், வெள்ளை மஞ்சளா சாயும், தினமும் அதையே பாக்குற கண்ணு அதையே வெள்ளைன்னு எடுத்துக்கும். மஞ்சளாத் தெரியுதுன்னு மஞ்சளைக் கொறச்சா படம் நீலமாகும், இருட்டாத் தெரியுதுன்னு ஏத்துனா வெளுத்துப் போகும். கடையில பிரிண்ட் எடுக்குறவங்க பாஸ்போர்ட் போட்டோ நீலமா வருது அண்ணேன்னு ஒரு வருஷமாவே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் இங்கை மாத்துனேன், பேப்பரை மாத்துனேன், மானிட்டரைச் சந்தேகப்படவே இல்ல. இத்தனைக்கும் நம்ம ஊர் சூரிய ஆய்வகத்துல 1904ல இருந்து சூரியனைப் படமெடுத்துச் சேத்து வச்சிருக்காங்க, அன்னைக்கு எடுத்ததையும் நேத்து எடுத்ததையும் ஒப்பிடணும்னா மொதல்ல எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரணும்னு அங்க சுத்திப் பாக்க வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கேன்.

தப்பு இத்தனை நாள் தெரியாமப் போனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, மலையில படம் எடுக்குறவங்களுக்குப் புரியும். கேமராவுல வெளிச்சத்தை அளக்குற மீட்டர் எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பலுக்குத் தான் கொண்டு வரப் பாக்கும், ஃப்ரேம் பூரா வெள்ளை மூட்டம்னா அதையும் சாம்பலாக்கிரும். அதனால மூட்டத்துல எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுல வெளிச்ச அளவை, +0.7, +1 வரைக்கும் ஏத்தி எடுங்கன்னு சொல்றது சரியான யோசனை தான். பில்லர் ராக்ஸ் பாறைங்களை மூட்டத்துல எடுத்த படம் பத்து வந்தா ஏழு சாம்பலாத் தான் வரும். அந்த ஏழு பேருக்கும் நான் சொன்னது சரியாப் போச்சு, அதனால மிச்ச மூணு பேருக்குச் சொன்னதும் சரின்னு நெனச்சுட்டேன். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்துல இருட்டு எவ்வளவு வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற வரைபடத்தை, தொறந்து பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், பூம்பாறைப் படத்தோடது எந்தப் பக்கமும் ஒட்டாம நடுவுல ஒழுங்கா நிக்குது.

இவ்வளவு கோவத்துலயும் ஒன்னைச் சொல்லியே ஆகணும், இந்த மானிட்டர் குடுத்த சந்தோஷம் வேற எந்தப் பொருளும் எனக்குக் குடுக்கல. பக்கவாட்டுல இருந்து பாத்தாலும் கலர் பெருசா மாறாது, அதனால நாலு பேர் ஸ்டூலைப் போட்டு உக்காந்து ஒரே படத்தைப் பாக்கலாம். வாட்ஸாப்புல ஷார்ப்பா இல்லன்னு எழுதிட்டா அவங்களுக்குச் சுருக்குன்னு இருக்கும், அதுவும் வாட்ஸாப்பு படத்தைச் சுருக்கி அனுப்புறதால அந்தக் குறை அவங்களோடதாவே இருக்காது, அதனால தான் எப்பவும் டாக்குமெண்டா அனுப்புங்கன்னு கேப்பேன். பக்கத்துல உக்காந்துட்டா பேச்சே வேற மாதிரி போகும். எதைக் காட்டணும்னு எடுத்தேன்னு மொதல்ல கேக்கலாம். என் கண்ணு மொதல்ல எங்க போச்சுன்னு திரையில வெரலை வச்சே காட்டலாம். மன்னவனூர்க்காரர் செம்மறியாட்டு மந்தையை எடுத்துட்டு வந்தப்ப என் கண்ணு ஆட்டுக்குப் போகல, ஓரத்துல ஒரு கரண்டு கம்பிக்குப் போச்சு. சொன்னேன், அவரே சிரிச்சுக்கிட்டு, ரெண்டு எட்டு இடது பக்கம் நகந்திருந்தா போதும்லன்னார். ஒரு படத்துக்கு ஒரு விஷயம், அதுவும் அடுத்த தடவை செய்ய முடியுற விஷயம், அது போதும். சூப்பர்னு மட்டும் சொல்லி அனுப்புனா பாவம் அவங்களுக்கு அதுல ஒன்னுமே கெடைக்காது.

மத்தபடி ஸ்டாண்டை ஒசத்த முடியாது, நான் ரெண்டு பழைய டைரியை அடியில வச்சிருக்கேன். பட்டன் எல்லாம் பின்னாடி தடவித் தடவித் தேடணும். இதெல்லாம் பழகிரும்.

இப்ப கலர் டெம்பரேச்சரை, அதாவது வெள்ளை மஞ்சள் பக்கம் சாயணுமா நீலம் பக்கம் சாயணுமாங்கிற அளவை, 6500ல வச்சு, பக்கத்துல ஒரு புது ஏ4 தாளை ஒட்டி வச்சிருக்கேன், மாசம் ஒரு தடவை வெள்ளைத் திரையைப் போட்டுப் பகல் வெளிச்சத்துல ரெண்டையும் பாக்குறேன். கூடவே அதே படத்தை ரெண்டு பேர் போன்லயும் தொறக்கச் சொல்றேன். எடுத்தவங்க அங்க அப்படித் தான் இருந்துச்சுன்னு சொன்னா அதுக்கு மேல நான் கலரைப் பத்திப் பேசுறதில்ல, அங்க நின்னது அவங்க.

இன்னைக்குக் காலையில பூம்பாறைப் பிள்ளைக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவகிட்ட மொதல் படம் இல்லையாம், போன் மாத்துனப்ப போயிருச்சாம், மாத்துனதைத் தான் பிரேம் போட்டு வீட்டுல மாட்டியிருக்காங்களாம். நல்ல வேளை, டாக்குமெண்டா அனுப்புனது என் கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு. பெருசா பிரிண்ட் போட்டாச்சு, ஞாயித்துக்கிழமை கொண்டு போய்க் குடுக்கணும்.

பண்ணைக்காட்டுத் தம்பிக்கு: வாங்காத. விலைக்கு நல்ல பொருள் தான், எத்தனை பேரு இதுக்கு முன்னாடி உக்காந்து கத்துக்கிட்டாங்க, ஆனா இன்னைக்கு என் வாயால வாங்குன்னு சொல்ல வரல. அந்தக் காசை வச்சிரு, படத்தை எடுத்துக்கிட்டு கடைக்கு வா. பழைய படமெல்லாம் ஒவ்வொன்னாத் தொறந்து யார் யாருக்குத் தப்பாச் சொன்னேன்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன், இதுவரைக்கும் பதினோரு பேரு. மன்னவனூர்க்காரருக்குப் பகல்ல லைன் கெடைக்கல, ராத்திரி போடணும்.