மேப்பிள் ஓட்ஸ் குக்கீ: சிரப்பா, சர்க்கரையா, எசன்ஸா?

மாவில் மேப்பிள் சிரப்பை, அதாவது மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகை, ஊற்றிவிட்டால் மேப்பிள் குக்கீ வந்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் 540 மில்லி டின் ஒன்றை வாங்கி, சர்க்கரைக்குப் பதிலாக அதையே ஊற்றிச் சுட்டேன். ஓவனிலிருந்து வெளியே வந்தது குக்கீ இல்லை, குட்டி பன். மெத்தென்று இருந்தது, இனித்தது, ஆனால் மேப்பிள் மணத்தைத் தேட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரே மாவை வைத்துக்கொண்டு இனிப்பை மட்டும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கிறேன்.

அடிப்படை மாவு இதுதான்: வெண்ணெய் 115 கிராம், முட்டை ஒன்று, மைதா 120 கிராம், ரோல்டு ஓட்ஸ் (தட்டையாக அமுக்கிய ஓட்ஸ்) 150 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், 150 கிராம் சர்க்கரைக்கு ஈடான இனிப்பு. 175 டிகிரி செல்சியஸில் பதினொன்று, பன்னிரண்டு நிமிடம். ஏறக்குறைய இருபது குக்கீ வரும்.

சிரப்பை அப்படியே ஊற்றுவதில் என்ன சிக்கல்? அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். 150 கிராம் சர்க்கரைக்கு ஈடாக 135 மில்லி சிரப் ஊற்றினால், கூடவே 60 கிராம் அளவுக்குத் தண்ணீரும் மாவுக்குள் போகிறது. குக்கீ மாவுக்கு அது பெரிய அளவு. மைதா அந்தத் தண்ணீரைக் குடித்து கேக் போல உப்பிவிடுகிறது. இன்னொன்று, வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல்கள்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. சிரப்பில் பரல் ஏது? எவ்வளவு அடித்தாலும் வெண்ணெய் திரிந்தது போல நிற்கும். ஓரம் மொறுமொறுப்பாகவே வராது. குழந்தைகளுக்கு மென்மையாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி சரி. எனக்கு ஓரம் முறியும் குக்கீதான் குக்கீ.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் பான்கேக் சிரப், டேபிள் சிரப் என்று மலிவாக விற்பதை வாங்கி இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் அது சோளச் சர்க்கரைப் பாகில் நிறமும் மணமும் சேர்த்தது. பொருள் பட்டியலில் மேப்பிள் சிரப் என்ற ஒரே பெயர் இருந்தால்தான் அது அசல். அசல் ஏன் விலை என்றால், மரத்திலிருந்து வடியும் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் சிரப்புக்கு சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். இரவில் உறைபனியும் பகலில் இளஞ்சூடும் மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் சாறு வடியும். உலகத்து மேப்பிள் சிரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது.

அசலிலும் நிறம் பார்த்து வாங்க வேண்டும். கனடாவில் நான்கு நிறம்: கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க். பெயர் எல்லாமே கிரேடு ஏ தான், தரத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. பருவத் தொடக்கத்தில் எடுத்தது பொதுவாக வெளிர் நிறம், மெல்லிய மணம். நாள் போகப் போகச் சாற்றில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உடைக்க, காய்ச்சும்போது நிறமும் சுவையும் கெட்டிப்படும். தோசைக்கல்லிலிருந்து எடுத்த பான்கேக்கின் மேல் ஊற்ற கோல்டன் அருமை. குக்கீக்கு அது வீண், வெண்ணெயும் ஓட்ஸும் சேர்ந்து அதை அமுக்கிவிடும். சுடுவதற்கு வெரி டார்க்தான் வாங்க வேண்டும். அழகான தங்க நிறத்தைப் பார்த்து மயங்கி, இரண்டு வருடம் தப்பான பாட்டிலை வாங்கியிருக்கிறேன்.

அடுத்த வழி, சிரப்பை வற்றக் காய்ச்சுவது. வற்ற வைத்தால் மணம் இரட்டிப்பாகும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தண்ணீர் போகிறது, அவ்வளவுதான். சர்க்கரையோடு ஒப்பிட்டால் மேப்பிள் அதே அளவுதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் போவதே குக்கீயைக் காப்பாற்றுகிறது. 120 கிராம் சிரப்பை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, 95 கிராம் ஆகும் வரை காய்ச்சுகிறேன். தெர்மாமீட்டரில் 112 முதல் 115 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் அதிரசப் பாகு பார்க்கிற கைதான்: கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள், சிரப் பாலைப் போலப் பொங்கும். ஒரு சிறு துண்டு வெண்ணெய் போட்டால் நுரை சட்டென்று அடங்கிவிடும். சிரப் காய்ச்சும் கொட்டகைகளிலும் இதே உபாயம் உண்டு.

இந்தப் பாகை ஆறி இறுகுவதற்குள் உருக்கிய வெண்ணெயில் கலந்து, கூட 70 கிராம் பிரவுன் சர்க்கரை சேர்த்துப் பிசைவேன். முட்டையைச் சூடு தணிந்த பிறகுதான் உடைத்து ஊற்ற வேண்டும். மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சுட்டால் ஓரம் லேசாக முறியும், நடுப்பகுதி மென்று தின்கிற பதமாக இருக்கும். வாரக் கடைசியில் வீட்டுக்காகச் சுடுவது என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் மனதுக்குப் பிடித்தது மேப்பிள் சர்க்கரை. இந்த நிலத்தின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள், பாட்டிலும் டின்னும் வருவதற்கு வெகுகாலம் முன்பே சாற்றைச் சர்க்கரையாகவே கிளறி, பிர்ச் மரப்பட்டையில் செய்த பெட்டிகளில் சேமித்து வைத்தவர்கள். சிரப் கெட்டுப்போகும், சர்க்கரை வருடக்கணக்கில் நிற்கும். இப்போதும் கடையில் கிடைக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். வீட்டிலேயே செய்துவிடலாம். 240 மில்லி சிரப்பை 125 டிகிரி வரை காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கி மரக்கரண்டியால் கிளற வேண்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது, தோள்பட்டைதான் வலிக்கும். பிறகு பளபளப்பு மங்கும், நிறம் வெளுக்கும், கரண்டி கனக்கும். இன்னும் நாலு சுற்று சுற்றினால் ஒரே நொடியில் பாத்திரம் முழுக்க மணல் மணலாக உதிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் எழும் வாசனைக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். சல்லடையில் சலித்தால் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை.

இதை வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் அதே எடையில் போடலாம். வெண்ணெயோடு அடித்தால் நுரைத்து வரும், குக்கீ சரியாகப் பரவும், ஓரம் கணீரென்று முறியும். சிரப்பில் அங்கங்கே தெரிந்த மேப்பிள் இதில் ஒவ்வொரு கடியிலும் தெரியும். குறை ஒன்றுதான்: இருபது குக்கீக்கு ஒரு பாட்டிலில் பெரும்பகுதி காலியாகிவிடும்.

சரி, எசன்ஸ்? இதைத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது எசன்ஸ் பாட்டிலைத் திறந்தேன். ஹாலில் இருந்த அம்மா, "என்னடி, ஊறுகாய்க்கு வெந்தயம் வறுக்கிறியா?" என்று கேட்டார். அம்மாவின் மூக்கு தப்பவில்லை. வெந்தயத்தின் மணத்துக்கு முக்கியக் காரணமான சோட்டலோன் என்ற பொருள் மேப்பிள் சிரப்பிலும் உண்டு. அது அதிகமானால் வெந்தயம், மிகக் குறைவாக இருந்தால் மேப்பிள். மேப்பிள் மணச் சாறுகள் பலவற்றை வெந்தயத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் 2005 முதல் அவ்வப்போது காரணம் தெரியாத மேப்பிள் வாசம் வீசி, மக்கள் பயந்து புகார் செய்துகொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் வெந்தயம் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அது வருகிறது என்று 2009-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

அதனால் எசன்ஸை மட்டும் நம்பிச் சுட்டால் வாசனை வீட்டை நிறைக்கும், வாயில் அடித்தளம் இருக்காது. அசல் சிரப்பின் கருகல் சாயலும் மரச் சாயலும் அதில் வராது. அரை டீஸ்பூன், அதுவும் வற்றிய பாகுக்குத் துணையாக என்றால் நன்றாகவே வேலை செய்யும். எசன்ஸ் இல்லாத நாளில் வெந்தயத்தை இளம் சிவப்பாக வறுத்துப் பொடித்து, கால் டீஸ்பூனில் பாதி மாவில் சேர்த்திருக்கிறேன். மேப்பிள் ஒரு படி தூக்கலாகத் தெரிந்தது. ஒரு தடவை கூடுதலாக வறுத்துவிட்டேன், அன்று ஒரு தட்டு கசப்பு.

எந்த வழியில் போனாலும் ஓவனின் சூட்டில் மணத்தில் ஒரு பங்கு பறந்துவிடும். அதை ஈடுகட்ட மேல்பூச்சுதான் வழி: 60 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் வெரி டார்க் சிரப், ஒரு சிட்டிகை உப்பு. ஆறிய குக்கீயின் மேல் கோடு கோடாக விட வேண்டும். சூடு படாத சிரப் நேராக நாக்கைத் தொடுகிறது. இந்த ஒரு ஸ்பூனுக்கு, மாவுக்குள் ஊற்றும் கால் கப்பை விட மதிப்பு அதிகம்.

ஓட்ஸில் யோசிக்க ஒன்றும் இல்லை, ரோல்டு ஓட்ஸ். குவிக் ஓட்ஸ் கரைந்து மாவாகிவிடும், துண்டாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் பல்லில் கல்லாக உறுத்தும்.

அம்மா ஊருக்குத் திரும்பும்போது இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தேன், ஒன்றில் வற்றிய பாகுக் குக்கீ, மற்றதில் மேப்பிள் சர்க்கரைக் குக்கீ. இரண்டிலும் மேல்பூச்சு இல்லை. கும்பகோணம் போய்ச் சேர நான்கு நாளாகிவிட்டது. பாகுக் குக்கீ தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாம். சர்க்கரைக் குக்கீ இன்னும் முறிகிறது என்று போன் பண்ணினார். அடுத்த வீட்டு மாமிக்குக் கொடுத்தது எந்த டப்பா என்று நான் கேட்கவே இல்லை, அம்மாவே சொன்னார்: "முறியறதைத்தான்."