பாலாற்றுக் கால்வாய்க் கரைகள்: சைக்கிளுக்கு எது தோது?

வேலூரில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று மலை, இல்லையென்றால் பைபாஸ். விடியற்காலையில் கோட்டை அகழியை ஐந்து சுற்று சுற்றிவிட்டு, அதையே சைக்கிளிங் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படிச் சுற்றியவன்தான். ஒருநாள் மச்சான், "இதே தண்ணியை எத்தனை நாள் பாக்கிறது மாமா?" என்று கேட்டான். அப்புறம்தான் வண்டியைக் கிழக்கே திருப்பினோம்.

வாலாஜாவைத் தாண்டினால் நிலம் தட்டையாகிவிடுகிறது. மலையெல்லாம் முதுகுப்பக்கம் போய்விடும். எதிரே பனைமரம், ஏரிக்கரை, நெல்வயல். இந்தத் தட்டை நிலத்துக்கு நடுவே பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஓடுகின்றன. அணைக்கட்டு 1858-ல் ஆங்கிலேயர் கட்டியது. (ஆங்கிலத்தில் 'அனிகட்' என்கிறார்களே, அது நம்முடைய அணைக்கட்டுதான்.) அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1856 ஜூலை 1-ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றதும் இதே வாலாஜா பக்கம்தான். ஆனால் கால்வாய்கள் போய்ச் சேரும் பெரிய ஏரிகள் பல்லவர் காலத்தவை. ஆயிரம் வருஷத்து ஏரிக்கு நூற்று எழுபது வருஷத்து அணைக்கட்டு தண்ணீர் அனுப்புகிறது.

வடகரையில் இரண்டு கால்வாய்: மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம். தென்கரையில் இரண்டு: சக்கரமல்லூர், தூசி. ஊர்கள் இன்று ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் கிடக்கின்றன. 1989-ல் ஒருமுறை, 2019-ல் ஒருமுறை எல்லை மாறியது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாமே இன்னும் பழைய வட ஆற்காடு மாவட்டம்தான்.

சக்கரமல்லூர் கால்வாயை விட்டுவிடுகிறேன். அதைத் தனியாக ஒரு நாள் பயணமாக நான் போனதில்லை. மற்ற மூன்றையும் வெவ்வேறு பருவத்தில் போய்ப் பார்த்தாயிற்று.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கால்வாயை ஒட்டி நீளமாக, சீராக ஒரு பாதை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். கரைமேல் மண்தடம் சில இடத்தில் இருக்கும், திடீரென்று சீமைக் கருவேலத்துக்குள் போய் முடிந்துவிடும். உண்மையில் நாம் ஓட்டுவது கிராமத்துத் தார்ச்சாலையில். அது கால்வாயை ஒரு சின்னப் பாலத்தில் தாண்டும், கொஞ்ச தூரம் கூடவே வரும், விலகும், மறுபடி வந்து சேரும். இதற்குப் பழகிக்கொண்டால் சுகம். தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காகக் கால்வாயை மேட்டை ஒட்டி வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள். அதனால் கூட வரும் சாலைக்கும் ஏற்றம் என்பதே கிடையாது. இன்னொன்றையும் கவனித்தேன். கால்வாய்க்கு ஒரு பக்கம் பச்சை நெல், மறுபக்கம் வேர்க்கடலை, கேழ்வரகு, கருவேலம். தண்ணீர் பள்ளத்துப் பக்கம்தானே பாயும்! நஞ்சைக்கும் புன்செய்க்கும் நடுவே கோடு போட்ட மாதிரி. கால்வாய் வறண்டு கிடந்தாலும் அது எங்கே போகிறது என்று வயலின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

வறண்டு கிடப்பதும் சகஜம்தான். பாலாறு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மார்கழி, தை வரைக்கும் கால்வாயில் தண்ணீர் பார்க்கலாம். ஆனால் அந்த மாதங்களில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், கிழக்கே போகும்போது முழுக்க எதிர்காற்று. ஆடியில் போனால் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போகும், பெடலை மிதிக்கவே வேண்டாம். கால்வாயில் மட்டும் ஆடு மேயும். அதே காற்றை எதிர்த்து வெயிலில் திரும்பி வரவும் வேண்டும். தண்ணீர் வேண்டுமா, காற்று வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் தண்ணீர் கட்சி.

சரி, காவேரிப்பாக்கத்துக்கு வருவோம். யாரைக் கேட்டாலும் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காரணமும் இருக்கிறது. ஏரிக்கரை மட்டுமே 8 கிலோமீட்டருக்கு மேல். தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்ற பல்லவ ராஜா வெட்டியது என்பார்கள். ஏரி நிரம்பியிருக்கும்போது கரைமேல் ஏறி நின்றால் எதிர்க்கரை தெரியாது. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், அதில் நீர்க்காகங்கள் வரிசையாக முங்கி எழும். வட ஆற்காட்டுக்காரனுக்கு இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்க்கும்போது ஏதோ தப்பு நடந்த மாதிரி ஒரு பதற்றம் வரும். போன கார்த்திகையில் கலங்கல் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) பக்கம் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இன்னா சார், தண்ணி பாக்கவா இவ்ளோ தூரம் சைக்கிள்ல வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாருங்க பாருங்க, இருக்கும்போதே பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஆனால் அமைதியான சவாரி என்ற கணக்கில் பார்த்தால் இது தோற்கிறது. வாலாஜாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அதற்குள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு முழுக்க விலகவே முடிவதில்லை. உள்சாலையில் புகுந்து போனாலும் ஏதோ ஓரிடத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே எதிர்த்திசையில் வரும் பைக், ஓரமாக நிறுத்திய கன்டெய்னர் லாரி, அதன் பின்னாலிருந்து திடீரென்று வெளிப்படும் ஷேர் ஆட்டோ. கால்வாயோரத்தில் கேட்ட கொக்குச் சத்தம் ஏர்ஹாரனில் கரைந்துவிடும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு போய், ஏரிப்பக்கம் இறக்கி, கரையில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். கரைமேல் முழு நீளமும் ஓட்ட முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். சில இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும்.

மகேந்திரவாடிதான் என் தேர்வு. வாலாஜாவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். காட்பாடி–அரக்கோணம் ரயில்பாதை பெரும்பாலும் பக்கத்துணைக்கு வருகிறது. பெரிய சாலை எதுவும் குறுக்கே தொந்தரவு செய்வதில்லை. வழியில் ஊர், ஏரி, ஊர், ஏரி என்று மாறி மாறி வரும். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும் ஏற்பாடு. காலை ஆறரை மணிக்கு நம்மைக் கடந்து போவது பால்கேன் கட்டிய டிவிஎஸ், பள்ளிக்கூட வேன், ஆட்டுமந்தை. அவ்வளவுதான். மதகு ஒன்றின் மேல் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். கீழே மண்வெட்டியோடு ஒருவர் வாய்க்காலில் மண்ணை வெட்டித் தண்ணீரை இந்த வயலிலிருந்து அந்த வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். நாலே வெட்டு. ஐந்தாவதாகக் காலால் மண்ணை அழுத்தி ஒரு மிதி. தண்ணீர் கொஞ்சம் தயங்கி, சருகுகளைச் சுழற்றி, புது வழியில் போயிற்று. மச்சான் போனை எடுப்பதற்குள் அவர் அடுத்த வரப்புக்குப் போய்விட்டார்.

கடைசியில் போய்ச் சேரும் இடமும் வெறும் ஊர் அல்ல. வெட்டவெளியில் தனியாகக் கிடக்கும் ஒரே பாறை. அதைக் குடைந்து மகேந்திரவர்மன் பெருமாளுக்குக் கோயில் எடுத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டு. மலைச்சரிவில் குடைந்த குகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வயல்வெளியில் உட்கார்ந்த ஒற்றைப் பாறைக்குள் ஒரு மண்டபம் இருப்பது வேடிக்கைதான். தூணில் மேலே சதுரம், நடுவே எட்டுப்பட்டை, கீழே மறுபடி சதுரம். அலங்காரம் என்று பார்த்தால் தாமரை மட்டும். அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டில் மகேந்திரபுரம் என்ற ஊர், மகேந்திர தடாகம் என்ற ஏரி, மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற கோயில், மூன்றும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்ட ராஜா! ஆனால் 1,400 வருஷம் கழித்து அந்த ஏரிக்குத் தண்ணீர் போகும் கால்வாயும் அவன் பெயரில்தான் ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. முள். கால்வாயோரம் கருவேலம் வெட்டிப் போட்ட இடத்தில் சாலையெல்லாம் முள் சிதறிக் கிடக்கும். மச்சானுடையது மெல்லிசு டயர் போட்ட ரேஸ் சைக்கிள், என்னுடையது அப்பா ஓட்டிய கறுப்பு 22 இஞ்ச். ஏழு கிலோமீட்டருக்குள் அவனுக்கு இரண்டு பஞ்சர். முதலாவதற்கு மாற்று ட்யூப் இருந்தது. இரண்டாவதற்குத் தள்ளிக்கொண்டே போனோம். அடுத்த ஊரில் வேப்பமரத்தடியில் ஒரு கடை. கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி ஊதிக் காயவைத்தார். டயருக்குள் விரலை விட்டுத் தடவி, உள்ளே ஒடிந்து நின்ற முள்முனையை நகத்தால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அரிசி நொய் அளவுகூட இல்லை. "டயர் வெலை எவ்ளோ தம்பி?" என்றார். மச்சான் சொன்னதும், என் வண்டியைப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து என் சிபாரிசு இதுதான்: தடித்த டயர், கியர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இந்தத் தட்டை நிலத்தில் கியருக்கு வேலையே இல்லை.

தூசிக் கால்வாய் இந்த இரண்டோடும் சேராத ரகம். ஆற்காட்டிலிருந்து தென்கரையோடு மாமண்டூர் ஏரிவரை, ஒரு வழிக்கே 40 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த ஏரிக்குச் சித்திரமேகத் தடாகம் என்று பழைய பெயர், பக்கத்துக் குன்றில் பல்லவர் குடைவரைகளும் உண்டு. பெயருக்காகவே போகலாம். வடகரையைவிட வண்டி நடமாட்டம் குறைவு, நிழல் இன்னும் குறைவு. கால்வாய் கடைமடையை, அதாவது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதியை, நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே வந்து, எது கால்வாய், எது வயல் வாய்க்கால் என்று குழம்பும். நாங்கள் இரண்டு முறை வழி தப்பினோம். ஒருமுறை மோட்டார் கொட்டகை வாசலில் போய் நின்றோம், நாய் துரத்தியது. போய்த் திரும்ப ஒரே நாளில் முடிப்பது இளவட்டங்களுக்கு. மற்றவர்கள் காஞ்சிபுரத்தில் ராத்தங்குவது புத்திசாலித்தனம், அங்கிருந்து மாமண்டூர் பக்கம்தான்.

பொன்னையாற்றுப் பக்கத்தையும் சிலர் சொல்வார்கள். திருவலம், மேல்பாடி என்று கோயில்கள் அருமை. மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், இருக்கிறது. ஆனால் அங்கே மேடு பள்ளம் வந்துவிடுகிறது. கோயில் பார்க்கப் போங்கள், கால்வாய் சவாரி என்று போகாதீர்கள்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. தை பிறந்து அறுவடை தொடங்கினால் கிராமத்துச் சாலையின் பாதி நெல்களமாகிவிடும். தார்ச்சாலை சூட்டில் நெல் சீக்கிரம் காயும். ஓரத்தில் கல்லை அடுக்கி எல்லை கட்டியிருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் திட்டு விழும், விழத்தான் வேண்டும். வைக்கோல் பரப்பிய இடத்தில் மெல்லிசு டயர் வழுக்கும், செயினிலும் சுற்றிக்கொள்ளும்.

மச்சான் இப்போது தடித்த டயர் வாங்கிவிட்டான். பொங்கல் லீவில் தூசிக்குக் கிளம்பலாம் என்று தினம் போன் செய்கிறான். நெல் காய்ந்து முடியட்டும், மாசியில் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் கால்வாயில் தண்ணீர் வற்றிவிடும் என்கிறான். அதுவும் சரிதான்.