நேபாளப் பள்ளிக்குத் தொண்டு: இரண்டு வாரமா, இரண்டு ஆண்டா?

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் நேபாளத்தில் ஆயிரக்கணக்கான வகுப்பறைகளைத் தரைமட்டமாக்கியது. அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை; அதனால்தான் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். அங்குள்ள மலைக் கிராமப் பள்ளிகளுக்கு உதவ நினைப்பவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இரண்டு வாரக் கட்டுமான முகாம். கல் சுமக்கலாம், வண்ணம் அடிக்கலாம். ஆனால், மண் சாந்தில் அடுக்கிய கற்சுவர்கள்தான் அன்று பெருமளவில் சரிந்தன. அப்படிச் சரியாமலிருக்க, ஜன்னலுக்குக் கீழும் மேலும் சுவர் முழுக்கக் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். மூலையில் கம்பி வளைந்து அடுத்த சுவருக்குள் செல்ல வேண்டும். இது கைதேர்ந்த கொத்தனாரின் வேலை. உள்ளூர்க் கொத்தனாருக்குப் போக வேண்டிய கூலியை நம் விமான டிக்கெட் விழுங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணத்தைப் பள்ளிக்கே அனுப்பிவிடலாம்.

மற்றொன்று, ஆசிரியர்களுக்குத் துணையாக நெடுநாள் தங்குவது. தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு பொதுவாக 27 மாதங்கள் கேட்கிறது. தொடக்க மாதங்கள் மொழிப் பயிற்சிக்கும் பிற பயிற்சிக்கும் போய்விடும். வீட்டில் தமாங் என்ற மலைவாழ் மக்களின் மொழி பேசும் குழந்தை நேபாளிப் பாடநூலின் முன் ஏன் வாயடைத்து நிற்கிறது என்பது புரியவே நாளாகும். என் வாக்கு இதற்குத்தான்.

இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. பிற நாட்டவர் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தொண்டுகூடச் செய்யக் கூடாது; அழைக்கும் அமைப்பிடம் இதை முதலிலேயே கேளுங்கள்.