மக்களைத் தேடி மருத்துவம்: காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ

கவர்மென்ட் ஸ்கீமுக்கெல்லாம் யாருப்பா ரிவ்யூ எழுதுவாங்கன்னு கேப்பீங்க. பிரியாணி கடைக்கு எழுதறோம், மிக்ஸிக்கு எழுதறோம், மாசாமாசம் வீட்டுக்கே வந்து எங்கம்மாவுக்கு பிபி பாத்து மாத்திரை குடுத்துட்டு போறாங்களே, அதுக்கு எழுதக்கூடாதா? 5-க்கு 4 ஸ்டார். அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு கீழ வரும்.

மொதல்ல 2020 கதைய சொல்லணும், இல்லன்னா இது எதுக்கு பெருசா தெரியுதுன்னு உங்களுக்கு புரியாது. அம்மாவுக்கு அப்பவே சுகரும் பிபியும் ரெண்டும். மார்ச் கடைசில லாக்டவுன் போட்டாங்க, தமிழ்நாடு முழுக்க கேஸ் ஏறுது, நம்ம கிருஷ்ணகிரி மட்டும் பச்சை மண்டலம், மே மாசம் பொறந்த அப்புறம்தான் இங்க முதல் கேஸே. எல்லாரும் பெருமையா ஸ்டேட்டஸ் போட்டோம். கொரோனா வரல சரி, பஸ்சும் வரலயே. அதுவரைக்கும் மாசம் ஒரு நாள் காலைல ஏழு மணி பஸ்சுக்கு போய், சீட்டு போட்டு, வரிசைல நின்னு, மத்தியானம் ரெண்டு மணிக்கு மாத்திரையோட வருவாங்க. அது நின்னு போச்சு. பக்கத்துல ஒரு பிரைவேட் கிளினிக் போனோம் (பேரு வேணாம் விடுங்க), இருக்கற டெஸ்ட்டையெல்லாம் மறுபடி மொதல்ல இருந்து எடுக்க சொல்லி 2,300 ரூபா பில்லு. எனக்கு அப்ப மாங்கூழ் கம்பெனில லோடு வேலை, அதுவும் இல்லாம வீட்ல உக்காந்திருக்கேன். அம்மா என்ன பண்ணிருக்காங்கன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட்டிருக்காங்க, காசு மிச்சம் பண்ணவாம். கால் விரல்ல சின்ன புண்ணு, ஆறு வாரம் ஆகியும் ஆறலன்ன அப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு.

இந்த மாதிரி கதை எங்க வீட்ல மட்டும் இல்லங்க, தெருவுக்கு நாலு இருக்கும். அடுத்த வருஷம் ரெண்டாவது அலை, 2021 மே 21 ஒரே நாள்ல ஸ்டேட்ல 36,184 கேஸ். ஆஸ்பத்திரி பக்கம் தலை வெச்சு படுக்கவே பயம், சுகர் மாத்திரைக்காக எவன் போவான்.

அந்த அலை ஓஞ்ச கையோட 2021 ஆகஸ்ட் 5 இந்த திட்டத்தை ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சது சென்னைல இல்ல, நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளில. அன்னிக்கு டிவில பாத்துட்டு நானும் நக்கல்தான் அடிச்சேன், போட்டோ எடுத்து முடிச்சா போயிடுவாங்கன்னு. போகல.

எனக்கு இதுல புடிச்சது என்னன்னா, பேஷன்ட் ஏன் மாத்திரை ஒழுங்கா போடறதில்லன்னு திட்டறத விட்டுட்டு ஒரு மாத்திரை வாங்க அந்த ஆளுக்கு எவ்ளோ செலவாகுதுன்னு யாரோ உக்காந்து கணக்கு போட்டிருக்காங்க. மாத்திரை ஃப்ரீதான், ஆனா பஸ் காசு, ஒரு நாள் கூலி, கூட வர்ற மகனோட ஒரு நாள் கூலி, டீ, பன்னு எல்லாம் சேத்தா அந்த ஃப்ரீ மாத்திரை ஐநூறு ரூபாய்க்கு மேல வரும். 2020-ல எடுத்த ஸ்டெப்ஸ் சர்வேல (சுகர், பிபி மாதிரி வியாதிங்கள பத்தி ஜனங்ககிட்ட எடுக்கற கணக்கெடுப்பு) தமிழ்நாட்டுல பிபி இருக்கறவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்குதான் கன்ட்ரோல்ல இருக்குன்னு வந்துச்சு, சுகர்னா 10.8. இத்தனை ஜிஹெச், இத்தனை பிஹெச்சி வெச்சிருக்கற ஸ்டேட்லயே இதுதான் நிலைமை. அப்ப ஓட்டை டாக்டர்கிட்டயோ மாத்திரைலயோ இல்ல, நடுவுல இருக்கற ரோட்ல இருக்கு.

அந்த ஓட்டைய அடைக்க இவங்க புடிச்ச ஆளு யாருன்னா மகளிர் சுயஉதவிக் குழுல இருக்கற அக்காங்க. புதுசா ஒரு கூட்டத்தை வேலைக்கு எடுத்து ஜீப்ல அனுப்பல. எங்க தெருவுக்கு வர்ற அக்கா எங்களுக்கு நாலு வீடு தள்ளிதான், அவங்க கல்யாணத்துக்கு நான் பந்தி பரிமாறிருக்கேன். பைல ஒரு பிபி மெஷின், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு, போன்ல ஒரு ஆப், அவ்ளோதான். இந்த பக்கம் பாதி கிழவிங்க தெலுங்குலதான் பேசுவாங்க, டாக்டர் முன்னாடி தலைய தலைய ஆட்டிட்டு ஒண்ணும் புரியாம வருவாங்க, இந்த அக்கா திண்ணைல உக்காந்து தெலுங்குலயே திட்டும்.

மாங்கா சீசன்ல நடக்கற கூத்து தனி. ஜூன்ல ஒரு தடவை அம்மாவுக்கு விரல குத்துனா 280. "பெரிம்மா, மாம்பழம் சாப்ட்டீங்களா?" "இல்லம்மா, ஒரே ஒரு துண்டு." அக்கா எந்திரிச்சு போய் கொல்லைல பாத்துட்டு வந்துச்சு, கூடை நிறைய கொட்டை. கிருஷ்ணகிரில பொறந்துட்டு மாம்பழம் சாப்புடாதன்னா எப்படிம்மான்னு அம்மா கேக்கறாங்க, அதுவும் நியாயம்தான். கடைசில ஒரு டீல் போட்டாங்க, மத்தியானம் சோறு குறைச்சுட்டு களி கொஞ்சம், பழம் வாரத்துல ரெண்டு துண்டு. எந்த டாக்டரும் எங்கம்மாகூட இவ்ளோ நேரம் பேரம் பேசிருக்க மாட்டாரு.

மாத்திரை பத்தி ஒண்ணு. இது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலமா வர்றது, 1994-ல ஆரம்பிச்சது, மொத்த ஸ்டேட்டுக்கும் ஒரே இடத்துல வாங்கி மாவட்ட கிடங்குல வெச்சு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் குடுத்து பேங்க் கணக்கு மாதிரி கழிச்சுட்டே வருவாங்க. அந்த பழைய ஏற்பாடு இருந்ததாலதான் இந்த புது ஏற்பாடு ஓடுது, இல்லன்னா அக்கா காலி பையோடதான் வந்திருக்கும். ஒரே தொல்லை, அம்மாவோட சுகர் மாத்திரையும் வெள்ளை, பிபி மாத்திரையும் வெள்ளை. நான் அட்டை பின்னாடி ஸ்கெட்ச் பேனாவால சூரியனும் நிலாவும் வரைஞ்சு குடுத்துடுவேன்.

பிசியோதெரபி, படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாக்கறதும் இதுலயே உண்டு, எங்களுக்கு தேவைப்படல, அதனால அத பத்தி சொல்ல ஒண்ணுமில்ல.

இப்ப ஊத்தங்கரை கதை. 2024 டிசம்பர் ஆரம்பம், ஃபெஞ்சல் புயல் கரைய கடந்தது புதுச்சேரி பக்கம், கொட்டுனது ஊத்தங்கரைல, ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். வண்டிங்க வரிசையா தண்ணில அடிச்சுட்டு போன வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க. அங்கதான் எங்க அத்தை வீடு. முட்டிக்கு மேல தண்ணி, மாத்திரை டப்பா, பழைய சீட்டு எல்லாம் போச்சு. என்ன மாத்திரை அத்தைன்னு போன்ல கேட்டா "காலைல வெள்ளை, ராத்திரி சின்ன வெள்ளை"ங்கறாங்க, இத வெச்சு எந்த மெடிக்கல்ல போய் நிக்கறது? மூணாவது நாள் அந்த ஏரியாவுக்கு வர்ற அக்கா சேத்துல நடந்து வந்திருக்கு, அவங்க வீட்லயும் தண்ணி, ஆனா நோட்ட மட்டும் பாலித்தீன் கவர்ல சுத்தி மேல வெச்சிருந்திருக்கு. எந்த வீடு, யாரு, என்ன மாத்திரை, எத்தன மில்லிகிராம், எல்லாம் அதுல இருக்கு. வெள்ளத்துக்குன்னு யாரும் அந்த லிஸ்ட் போடல, மாசாமாசம் மாத்திரை குடுக்க எழுதுனது, அன்னிக்கு அதுதான் கை குடுத்துச்சு. சாயந்திரத்துக்குள்ள அத்தை கைல பத்து நாள் மாத்திரை.

2024-ல ஐநாவோட அவார்டும் இதுக்கு கெடச்சுச்சு. சந்தோஷம்தான். ஆனா 2023-24-ல மறுபடி எடுத்த சர்வேல பிபி கன்ட்ரோல் 17 சதவீதம், சுகர் 16.7. ஏறிருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா இன்னும் ஆறு பேர்ல அஞ்சு பேருக்கு கன்ட்ரோல் இல்ல. அவார்ட் போஸ்டர்ல இந்த நம்பர யாரும் போட மாட்டாங்க, ரிவ்யூல நான் போடறேன்.

குறைச்ச அந்த ஒரு ஸ்டார் அக்காவுக்கு இல்ல, அக்கா மேல இவ்ளோ பாரத்த ஏத்தி வெச்சதுக்கு. மொத்த மிஷினும் ஒரு பொம்பள கால்ல நிக்குது, ஊக்கத்தொகைன்னு மாசம் கைல வர்றது சில ஆயிரம். "நீங்க லீவு போட்டா யாருக்கா வருவாங்க?"ன்னு ஒரு நாள் கேட்டேன். சிரிச்சுட்டு "நான்தான் மறுநாள் ரெண்டு தெருவும் சேத்து பாக்கணும்"னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு போயிடுச்சு.

உங்க வீட்ல யாருக்காவது சேக்கணும்னா பக்கத்து துணை சுகாதார நிலையத்துல போய் கேளுங்க, ஆதார், பழைய சீட்டு ரெண்டையும் எடுத்துட்டு போங்க. அந்த சீட்ட ஒரு போட்டோ எடுத்து போன்லயும் வெச்சுக்கோங்க, பேப்பர பாலித்தீன் கவர்ல போட்டு பரண் மேல. அத்தை வீட்ல இப்ப அப்படித்தான் வெச்சிருக்காங்க.