தேனை லேபில் கொடுத்துப் பார்த்தேன்: 5க்கு 3

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். திரிகடுகம் வாங்குகிறவர் கூடவே தேனும் கேட்பார். அப்பா சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்றுதான்: திரியைத் தேனில் நனைத்துக் கொளுத்திப் பார், எரிந்தால் சுத்தம். ஆனால் ஆன்டிபயாட்டிக் கலந்த தேனிலும் அந்தத் திரி ஜோராக எரியும். டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (CSE) 2010இல் சோதித்த 12 மாதிரிகளில் 11இல் ஆன்டிபயாட்டிக் இருந்தது.

அதனால் ஏற்காட்டுக்காரர் ஒருவர் கொடுத்த மலைத்தேனையும் ஒரு கம்பெனி பாட்டிலையும் இங்கே ஒரு தனியார் லேபுக்கு எடுத்துப் போனேன்.

"எந்த டெஸ்ட்டுங்கண்ணா?" என்றது கவுன்ட்டரில் இருந்த பெண்.

"சுத்தமான்னு பாரும்மா."

"அப்படி ஒரு டெஸ்ட்டே இல்லைங்கண்ணா."

இந்தப் பதிலுக்கே ஒரு நட்சத்திரம். ஈரப்பதம் (20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது) ஒரு டெஸ்ட், சர்க்கரைப் பாகு வேறு டெஸ்ட், ஆன்டிபயாட்டிக் தனி என்று பொறுமையாக எழுதிக் காட்டியது. கடைசி டெஸ்ட்டுக்கு மெஷின் இங்கே இல்லை, சென்னைக்கு அனுப்புகிறார்கள். கட்டணம் நாலு இலக்கம். வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒன்பது நாளில் ரிப்போர்ட். கம்பெனி பாட்டிலில் ஆன்டிபயாட்டிக் 'கண்டறியப்படவில்லை' என்று மொட்டையாக ஒரு வரி. எவ்வளவு குறைந்த அளவு வரை தேடினார்கள்? அது இல்லாமல் அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது. கேட்ட பிறகுதான் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நட்சத்திரம் கட்.

மலைத்தேனில் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்! பெட்டியில் வளர்க்கும் தேனீக்குப் புழு அழுகல் நோய் வந்தால் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுக்கிற மருந்து அது. பாறையில் அடை கட்டுகிற மலைத்தேனீக்கு யார் போய் மருந்து புகட்டுவது? பெட்டித்தேனை ஊற்றியிருக்கிறார்கள், வேறென்ன.

இன்னொரு குறை. கிலுகிலுப்பைச் செடியில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு உண்டு. அந்த மாதிரிப் பூக்களிலிருந்து தேனுக்கும் வந்துவிடும். நிஜமான காட்டுத்தேனுக்கு நான் முதலில் பார்க்க நினைத்தது அதைத்தான். இவர்களுடைய கட்டணப் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இன்னொரு நட்சத்திரம் அங்கே போனது.

திங்கட்கிழமை ஏற்காட்டுக்காரர் அடுத்த டின்னோடு வந்தார். ரிப்போர்ட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேப்பர் கிடக்குதுங்கண்ணா, நீங்க திரி வெச்சுப் பாருங்க" என்றார்.