390 டியூக்கில் ஒரு பல் குறைத்தபின்: நீண்ட கால அனுபவம்

என் கேடிஎம் 390 டியூக் பைக்கில் ஆலையிலிருந்து வந்த அமைப்பு முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) 15 பல், பின் ஸ்ப்ராக்கெட்டில் 45 பல். நான் முன்னால் 14 பல் போட்டு ஒரு செயின் முழுதாகத் தேயும்வரை ஓட்டினேன். பிறகு வேறொரு கணக்குக்கு மாறி, இன்றுவரை அதில்தான் ஓட்டுகிறேன். கோவை நகருக்குள் அன்றாடம், வாய்ப்புக் கிடைத்தால் வால்பாறை, வேலை நிமித்தம் சேலம் என்று எல்லா வகைச் சாலையிலும் இந்த மாற்றத்தைப் பார்த்தாயிற்று. இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பிக்கப் பறக்கும் என்கிறார் ஒருவர். இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இல்லை. ஸ்ப்ராக்கெட் மாற்றுவதால் இன்ஜினின் சக்தி ஒரு துளியும் கூடாது. அந்தச் சக்தி எந்த வேகத்தில் கைக்கு வருகிறது என்பது மட்டுமே நகர்கிறது. உங்கள் வாழ்க்கை எந்த வேகத்தில் ஓடுகிறதோ, அந்த இடத்துக்கு அது நகர்ந்தால் லாபம். விலகி நகர்ந்தால் நட்டம்.

என் வண்டி 2018 மாடல். 373 சிசி, ஒற்றை சிலிண்டர். 9,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) 43.5 பிஎஸ் சக்தி, 7,000இல் 37 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இந்த எண்களிலேயே வண்டியின் குணம் தெரிந்துவிடுகிறது: பலம் முழுவதும் மாடியில், அதாவது அதிகச் சுற்றில். 4,000க்கு மேல் பட்டுப்போல இழுக்கும் இந்த இன்ஜின், 3,000க்குக் கீழே இறங்கினால் திணறும். காந்திபுரத்தில் மாலை ஆறு மணிக்கு முதல் கியரில் போனால் வண்டி முண்டிக்கொண்டு பாயும். இரண்டாவதற்கு மாற்றினால் செயின் பின்சக்கரத்தில் டக் டக்கென்று அடிக்கும். இரண்டுக்கும் நடுவே அரை கிளட்ச்சிலேயே ஊர்ந்து, இடது மணிக்கட்டு வலிக்க, தொடையில் ரேடியேட்டர் சூடு அடிக்க வீடு வந்து சேர வேண்டியிருந்தது. 390 வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

ஸ்ப்ராக்கெட்டில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. "முதலில் ரப்பரைப் பாருங்கள் தம்பி, பிறகு பல்லை எண்ணலாம்" என்றார் எங்கள் மெக்கானிக் அண்ணன். பின்சக்கர ஹப்புக்குள் செயினின் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் துண்டுகள் இருக்கின்றன. அவை நசுங்கித் தளர்ந்திருந்தாலோ, செயின் தொய்ந்து கிடந்தாலோ, குறைந்த வேகத்தில் வண்டி இதே மாதிரிதான் உதைக்கும். என் வண்டியில் ரப்பர் நன்றாக இருந்தது. செயின் மட்டும் சற்றுத் தொய்வு. அதைச் சரிசெய்ததில் உதைப்பு ஓரளவு குறைந்தது. மீதி இருந்தது கியர் விகிதத்தின் விளைவு. இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக ஸ்ப்ராக்கெட் வாங்கப் போகிறவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு அந்தச் செலவே தேவைப்படாது.

14 பல் ஸ்ப்ராக்கெட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. 200 டியூக்கில் ஆலையே போடுவது 14 பல்தான். அது 390இன் தண்டிலும் அப்படியே உட்காரும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. செயினை வெட்ட வேண்டியதும் இல்லை. முன்னால் ஒரு பல் குறைந்தால் பின் அச்சை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் தொய்வு சரியாகிவிடும். இருபுறமும் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) உள்ள கோடுகளைப் பார்த்து ஒரே அளவில் தள்ள வேண்டும் என்பதைத் தவிர இதில் வித்தை ஒன்றும் இல்லை.

இப்போது கணக்கு. 45ஐ 15ஆல் வகுத்தால் 3. 14ஆல் வகுத்தால் 3.21. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை எல்லா கியரிலும் 7 சதவீதம் கூடுகிறது, எல்லா கியரிலும் வேகம் அதே அளவுக்குச் சுருங்குகிறது. இதே விளைவைப் பின்னால் கொண்டுவர 3 பல் கூட்டி 48 போட வேண்டும். முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் குழம்ப வேண்டியதில்லை.

இரண்டாவது கியரில் 22 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பழைய அமைப்பில் இன்ஜின் 2,800 ஆர்பிஎம் சுற்றும். 14 பல்லில் 3,000ஐத் தொடும். வித்தியாசம் வெறும் 200. தாளில் எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் இந்த இன்ஜின் திணறுவதற்கும் தெளிவதற்கும் இடையிலுள்ள கோடு அந்த 200க்குள்தான் இருக்கிறது. லட்சுமி மில்ஸ் சிக்னலை நோக்கி மெல்ல நகரும் வரிசையில், கிளட்ச்சைத் தொடாமல் இரண்டாவது கியரிலேயே தொடர்ந்து போக முடிந்தது. நகரத்தில் நான் கண்ட பெரிய மாற்றம் இதுதான். சிக்னலில் சீறிப் பாய்வதெல்லாம் எனக்குப் பொருட்டல்ல. ஆக்சிலரேட்டரைப் பட்டென்று திருப்பினால் முதல் கியரில் முன்சக்கரம் முன்பைவிட எளிதாகத் தூக்கப் பார்க்கிறது என்பதால், பழக்கம் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது நல்லது.

மலையில்தான் இந்த மாற்றம் தன் முழு மதிப்பைக் காட்டியது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பழைய அமைப்பில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடுமாற்றம் இருக்கும்: இரண்டாவதில் நுழைந்தால் வளைவின் நடுவில் இன்ஜின் இருமும், முதலாவதற்கு இறக்கினால் வண்டி தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். 14 பல்லில் அட்டகட்டி வரை பெரும்பாலான வளைவுகளை இரண்டாவதிலேயே எடுத்தேன். வளைவின் வெளிப்புறம் வழியே அகலமாக நுழைந்து, உள்முனையைத் தாண்டும்போது ஆக்சிலரேட்டரை நூலளவு திறந்தால் போதும். பின்சக்கரம் உடனே பிடித்துத் தள்ளுகிறது. அந்த ஒரு கணம் ஏமாற்றாது என்ற நம்பிக்கை வந்தபின், கண் கியரை விட்டுவிட்டுச் சாலைக்குப் போகிறது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் நின்று அணையைப் பார்க்கும்போது கையில் களைப்பே இல்லை. இறங்கும்போது இன்ஜின் பிரேக்கிங் கூடியிருப்பதும் தெரிகிறது. வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரை விட்டாலே வேகம் அடங்குகிறது. பிரேக்குக்கு வேலை குறைவு.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு ஆடிக் காற்று என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு மேற்கே போகும்போது முகத்தில் அறையும் அந்தக் காற்றில், பின்னால் ஆளும் பையும் இருந்தால், பழைய அமைப்பில் ஆறாவது கியர் 90ஐப் பிடித்துவைக்கச் சிரமப்படும். அடிக்கடி ஐந்தாவதற்கு இறங்க வேண்டும். 14 பல்லில் ஆறாவதிலேயே நின்றது.

இதே காற்றில் நேர் எதிரான பாடமும் கிடைத்தது. எங்கள் தெருத் தம்பி ஒருவர் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வைத்திருக்கிறார். அதில் முன்னால் 13 பல், பின்னால் 40. நெடுஞ்சாலையில் இன்ஜின் நிதானமாகச் சுற்றட்டும் என்று அவர் முன்னால் 14 போட்டார். எனக்குக் குறைப்பு, அவருக்குக் கூட்டல். சதவீதம் ஏறக்குறைய ஒன்றுதான். சமதளத்தில், காற்றில்லாத காலையில், அவர் சொன்னபடியே வண்டி அமைதியாகப் போனது. ஆடி மாதம் வந்ததும் ஐந்தாவது கியர் பெயரளவுக்குத்தான் இருந்தது, நான்காவதிலேயே ஓட்டினார். கையிருப்புச் சக்தி குறைவாக உள்ள இன்ஜினுக்கு இப்படி முன்பல் கூட்டி நிதானமாகச் சுற்றும் விகிதம் கொடுத்தால், மேல் கியரை எதிர்காற்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. அவர் மறுபடி 13க்கே திரும்பிவிட்டார்.

இனி என் வண்டியில் 14 பல்லுக்காக நான் இழந்தவை. சேலம் நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் 100ஐப் பிடித்தால் பழைய அமைப்பில் ஏறத்தாழ 5,800 ஆர்பிஎம். 14 பல்லில் 6,200க்கு மேல். என் வண்டியில் கைப்பிடியிலும் கால்கட்டையிலும் ரீங்காரம் தொடங்குவது சரியாக 6,000ஐ ஒட்டித்தான். அதனால் முன்பு 100இல் சுகமாக இருந்த பயணம் இப்போது 95ஐத் தாண்டினாலே விரல்நுனியில் மரத்துப்போன உணர்வைத் தந்தது. பவானி வருவதற்குள் ஒரு முறை நிறுத்திக் கையை உதற வேண்டியிருந்தது. ஏழாவது கியர் ஒன்று இருக்காதா என்று இடது கால் தானாகவே நெம்பிப் பார்க்கும். நெடுஞ்சாலை மைலேஜ் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது. நகரத்தில் குறையவில்லை, அரை கிளட்ச் ஓட்டம் குறைந்ததால் ஈடாகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். உச்ச வேகமும் கணக்குப்படி குறைந்திருக்கும். நான் அந்த எல்லைக்குப் போகிறவன் அல்ல.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வண்டியில் காட்டவில்லை. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டதில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வித்தியாசம்தான். வேகத்தைச் சக்கரத்திலிருந்தே எடுக்கும் வண்டிகளில் ஸ்ப்ராக்கெட் மாற்றம் அளவீட்டைத் தொடாது. கியர்பெட்டியிலிருந்து எடுக்கும் வண்டிகளில் நிச்சயம் தொடும். முன்னால் பல் குறைத்தால் உள்ளதைவிடக் கூடுதல் வேகம் காட்டும், ஓடோமீட்டரும் கூடுதலாக ஓடும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் அதன் விதிகளையும் ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

நீண்ட காலம் ஓட்டினால் மட்டுமே தெரிகிற விஷயம் தேய்மானம். மழைக்காலம் முடிந்ததும் முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றினேன். உள்ளே செயினுக்கு அடிக்கும் லூப் எண்ணெயும் சாலைத் தூசியும் சேர்ந்து கருப்புப் பிசினாக அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். ஒரு பல்லின் இரு பக்கமும் கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த பல்லின் பக்கங்கள் மங்கலாகவே இருந்தன. அதற்கடுத்தது மறுபடி மின்னியது. சுற்றிலும் ஒன்றுவிட்டு ஒன்று அப்படியே. காரணம் எளிது. செயினில் உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருகின்றன. உட்கண்ணியின் இடைவெளி குறுகலானது, வெளிக்கண்ணியின் இடைவெளி அகலமானது. 14 இரட்டைப்படை எண். செயினின் மொத்தக் கண்ணிகளும் எப்போதும் இரட்டைப்படைதான். ஆகவே ஒரு பல் உட்கண்ணியில் நுழைந்தால், செயினைக் கழற்றி மாட்டும்வரை அது உட்கண்ணியில்தான் நுழைந்துகொண்டே இருக்கும். 15 பல்லில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணி மாறிவிடும், தேய்மானம் பகிர்ந்துகொள்ளப்படும். இதோடு, வட்டம் சிறியதாவதால் செயின் கூடுதலாக வளைய வேண்டியிருக்கிறது. ஸ்விங் ஆர்மின் முன்முனையில் உள்ள ரப்பர் பட்டையிலும் சற்று அழுத்தி உரசுகிறது. அந்தப் பட்டையில் பள்ளம் விழுந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அது தேய்ந்து தீர்ந்தால் செயின் அலுமினியத்தையே அறுக்கத் தொடங்கும். முன்னால் பல் குறைத்தவர்கள் செயினுக்கு லூப் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பட்டையையும் குனிந்து பாருங்கள்.

அந்தச் செயின் தேய்ந்து முழு செட்டையும் மாற்றும் நேரம் வந்தபோது, மலையில் கிடைத்த சுகத்தை விடவும் மனமில்லை, நெடுஞ்சாலையில் விரல் மரத்துப்போவதைத் தாங்கவும் மனமில்லை. எனவே முன்னால் ஆலையின் 15 பல்லுக்கே திரும்பி, பின்னால் 47 பல் போட்டேன். கணபதியில் ஒரு பட்டறையில் பழைய 45ஐ மாதிரியாகக் கொடுத்து, போல்ட் துளைகள் அச்சு அசலாக அமையும்படி வெட்டி, பற்களை மட்டும் கடினப்படுத்தி வாங்கினேன். பம்ப் செட்டுக்கும் நூற்பாலைக்கும் உதிரிபாகம் வெட்டிப் பழகிய ஊரில் இது பெரிய வேலை அல்ல. ஆனால் பல்லைக் கடினப்படுத்தாமல் கொடுக்கும் மலிவான வேலையை ஏற்காதீர்கள். அது புதுச் செயினையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆலை நீளச் செயினில் அச்சை 8 மில்லிமீட்டர் முன்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது, அதற்கு அங்கே இடமில்லை. நீளமான செயின் வாங்கி, இரண்டு கண்ணி கூடுதலாக வைத்து வெட்டிக் கோத்தோம்.

விகிதம் இப்போது 3.13. பழையதைவிட 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதல், அதாவது 14 பல் கொடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் 6,100 ஆர்பிஎம். 97, 98இல் போனால் ரீங்காரத்தின் வாசலுக்கு வெளியே நிற்க முடிகிறது. வால்பாறை வளைவுகளில் மிக இறுக்கமான சிலவற்றுக்கு மட்டும் முதல் கியர் தேவைப்படுகிறது. செலவு பல மடங்கு. நகரமும் மலையும்தான் உங்கள் ஓட்டம் என்றால் 14 பல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பணத்துக்கு அதைவிடப் பயனுள்ள மாற்றம் இந்த வண்டியில் வேறு இல்லை. மாதத்தில் பாதி நாள் நான்குவழிச் சாலையில் போகிறவர் 15, 45ஐத் தொடவே வேண்டாம். என்னைப்போல் இரண்டும் கலந்து ஓடுகிறவர், அடுத்த செயின் மாற்றும் வேளைக்காகக் காத்திருந்து பின்பக்கம் இரண்டு பல் கூட்டிப் பாருங்கள். புது ஸ்ப்ராக்கெட்டைத் தேய்ந்த செயினோடு சேர்க்காதீர்கள்.